விஆர்ல ஃப்ளைட் சிம் ஓட்ட பிசி: காசை கார்டுல போடறதா, சிபியூல போடறதா?

பீளமேடு_பைலட்:
வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா பழைய லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டிட்டு இருக்கேன், ஓட்டறேன்னு சொல்றதே அதிகம், நொண்டி நொண்டி போகும். போன மாசம் மாமா பையன் துபாய்ல இருந்து வரும்போது க்வெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் (கண்ணுல மாட்டிக்கற திரை) கொண்டு வந்து குடுத்துட்டான், அந்த ஜோர்ல 2024 வெர்ஷனும் வாங்கிட்டேன். டவருக்கு மட்டும் 2 லட்சம் வச்சிருக்கேன், அதுக்கு மேல போனா வீட்ல சோறு கிடைக்காது.

கடைக்காரர் ரெண்டு கொட்டேஷன் குடுத்திருக்கார், கிட்டத்தட்ட ஒரே விலை. ஒண்ணு ரைசன் 7 9800எக்ஸ்3டி சிபியூ கூட ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, கார்டு மெமரி 12 ஜிபி. இன்னொண்ணு ரைசன் 5 7600 கூட 5070 டிஐ, 16 ஜிபி. மத்ததெல்லாம் ஒண்ணு தான், 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 2 டிபி எஸ்எஸ்டி, 850 வாட் பவர் சப்ளை. எதை எடுக்கலாம்?

ரன்வே ராசு:
ரெண்டாவது. யோசிக்கவே வேணாம் தம்பி.

க்வெஸ்ட் 3ல ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளி. ரெண்டு கண்ணுக்கும் சேத்தா சுமார் 91 லட்சம் புள்ளி, ஒரு 4கே மானிட்டரே 83 லட்சம் தான். லென்ஸ் வளைவை சரிக்கட்ட இதைவிட பெருசா வரைஞ்சு அப்புறம் சுருக்கணும். போதாததுக்கு க்வெஸ்ட்ல டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது, வரைஞ்ச படத்தை கார்டே வீடியோவா அமுக்கி யுஎஸ்பிலயோ வைஃபைலயோ அனுப்பணும். இவ்ளோ வேலையும் கார்டு தலைல. 12 ஜிபி நிரம்பிடுச்சுன்னா மிச்ச டெக்ஸ்ச்சர் (தரை, சுவர் மேல ஒட்டற படம்) மெயின் ரேமுக்கு வழியும், அங்கிருந்து எடுத்துட்டு வரதுக்குள்ள காட்சி திக்கும், தலைய திருப்பினா ஓரத்துல கருப்பு பட்டை தெரியும். அதோட லேண்ட் பண்ணி பாரு, பக்கெட் பக்கத்துல வச்சுக்க.

மெயின்த்ரெட் மாணிக்கம்:
ராசு அண்ணன் எல்லா த்ரெட்லயும் இதே பாட்டு தான் பாடுவார். அண்ணே, இது சண்டை கேம் இல்ல, சிம்.

ஃப்ளைட் சிம்ல விமானத்தோட சிஸ்டம், மத்த விமான ட்ராஃபிக், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தரைய எவ்ளோ நுணுக்கமா ஏத்தணும்ங்கற கணக்கு, இதுல பெரும்பங்கு மெயின் த்ரெட்னு சிபியூல வரிசையா ஓடற ஒரே ஒரு வேலைத்தொடர் மேல உக்காரும். அது முடியற வரைக்கும் கார்டு கைய கட்டிட்டு நிக்கும். எக்ஸ்3டில 96 எம்பி எல்3 கேச் (சிபியூ உள்ளயே இருக்கற வேக மெமரி), 7600ல 32 தான். நான் பழைய போர்டுலயே 5600எக்ஸை எடுத்துட்டு 5800எக்ஸ்3டி போட்டேன், கார்டு அதே, செட்டிங் அதே. பெரிய ஏர்போர்ட்ல டாக்ஸி பண்ணும்போது வந்த திக்கல் பாதிக்கு மேல போச்சு.

கார்டுக்கு சுமைன்னா டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு ஏஐ வச்சு பெருசாக்கறது) போட்டு குறைக்கலாம். மெயின் த்ரெட்டுக்கு என்ன போடுவீங்க?

ரன்வே ராசு:
மெயின் த்ரெட்டுக்கு டெரெய்ன் எல்ஓடி (தரை நுணுக்கம்) ஸ்லைடரை 200ல இருந்து 100க்கு இழுப்பேன், ட்ராஃபிக்கை நிறுத்துவேன். முடிஞ்சது. டிஎல்எஸ்எஸ் போட்டா கிளாஸ் காக்பிட்ல (முள்ளுக்கு பதிலா திரை இருக்கறது) உயரம் மாறும்போது நம்பர் இழுத்துக்கிட்டு தெரியும் பாரு, அதை எப்படி படிப்ப? டிஎல்எஸ்எஸ்ஸோட புது மாடல்ல கொஞ்சம் தேவல, ஆனா முழுசா போகல.

இன்னொண்ணு தம்பி, 2025 ஜனவரில 5070 வந்தப்போ போன தலைமுறை பெரிய கார்டு 4090க்கு சமம்னு என்விடியா மேடைல சொன்னாங்களே, அது ஃப்ரேம் ஜெனரேஷனை (நடுநடுவுல ஏஐ ஃப்ரேம் செருகறது) சேத்து சொன்ன கணக்கு. இந்த சிம்ல விஆர் போட்டா ஃப்ரேம் ஜெனரேஷன் வேலை செய்யாது. அந்த விளம்பரத்தை நம்பி 5070 பக்கம் சாயாத.

சும்மா_பாக்கறேன்:
யாராச்சும் ஒருத்தர் கேக்கணும்ல, விஆர் எதுக்கு? ஒரு நல்ல மானிட்டர், தலைய ட்ராக் பண்ற ஒரு கேமரா, பாதி காசுல முடியும். பட்டன் பாத்து அமுக்கலாம், டீ குடிக்கலாம், சார்ட் படிக்கலாம். மே மாசம் அந்த கண்ணாடிய மாட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க, ஸ்பாஞ்ச பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும்.

மெயின்த்ரெட் மாணிக்கம்:
நீங்க சும்மாவே பாருங்க சார். ஹெட்செட் வந்தாச்சு, திருப்பி துபாய்க்கா அனுப்புவார்? டர்ன் எடுக்கும்போது தோளுக்கு மேல திரும்பி ரன்வே எங்க இருக்குன்னு பாக்கறதும், ஃப்ளேர்ல (தரை தொடறதுக்கு முன்ன மூக்கை தூக்கும்போது) தரை எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு கண்ணாலயே தெரியறதும் மானிட்டர்ல வராது. வேர்வைக்கு டேபிள் ஃபேன முகத்துக்கு நேரா வைங்க, தலைசுத்தலுக்கும் அது உதவும். முதல் வாரம் 15 நிமிஷத்துக்கு மேல வேணாம்.

யாழ்_வானம்:
அண்ணாமார் ரெண்டு பேரும் சண்டை பிடிக்க முதல் ஒண்டு கேட்டிருக்க வேணும். தம்பி எந்த விமானம், எங்க ஓட்டுறார்? நான் யாழ்ப்பாணத்துப் பலாலியில சின்ன செஸ்னா ஏத்தி நெடுந்தீவுப் பக்கம் சுத்துறனான். கீழ கடலும் பனையும் தான், அதுக்கு மெயின் த்ரெட் ஒண்டும் செய்யாது, கார்டு தான் கிடந்து முக்கும். அதே மிசின்ல ஏர்பஸ்ஸை கொண்டு போய் லண்டன் ஹீத்ரோவில இறக்கினா கார்டு சும்மா இருக்கும், சிபியூ மூச்சு வாங்கும். டெவலப்பர் மோட்ல எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தினை ஃப்ரேம்) காட்டுற பெட்டியைத் திறந்தா எது தடுக்குதெண்டு அதுவே எழுதிக் காட்டும்.

மற்றது, 90 எஃப்பிஎஸ்ஸுக்கு ஆசைப்படாதேங்கோ. 90 ஹெர்ட்ஸ் எண்டா ஒரு ஃப்ரேமுக்கு 11.1 மில்லி செகண்ட், இந்த சிம்முக்கு அது கனவு. 72 ஹெர்ட்ஸ்ல வச்சு பாதியா 36க்கு பூட்டினா 27.8 மில்லி செகண்ட் கிடைக்கும், இடையில உள்ள ஃப்ரேமை ஹெட்செட் பக்கத்து மென்பொருள் நிரப்பும். இறக்கை ஓரம் கொஞ்சம் நெளியும், பழகிடும்.

பீளமேடு_பைலட்:
சொல்ல மறந்துட்டேன் சாரி. பாதி நேரம் செஸ்னா 172, கோயம்புத்தூர்ல ஏறி வால்பாறை பக்கம், இல்ல நீலகிரி பக்கம். மீதி நேரம் ஏர்பஸ் 320ல சென்னை, மும்பை.

ரன்வே ராசு:
மலை, காடு, மேகம். கார்டு. நன்றி வணக்கம்.

மெயின்த்ரெட் மாணிக்கம்:
மும்பை, ஏர்பஸ். சிபியூ. நன்றி, வணக்கமும் கூட.

ரன்வே ராசு:
சரி விளையாட்ட விடுவோம். நான் கார்டுன்னு சொல்றதுக்கு உண்மையான காரணம் வேற. 7600 உக்கார்ற ஏஎம்5 சாக்கெட் போர்டுல நாளைக்கு எக்ஸ்3டி வாங்கி அப்படியே மாத்திக்கலாம், 2027 தாண்டியும் அந்த சாக்கெட்டுக்கு சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லியிருக்கு. 7600ஐ வித்தா பெருசா நஷ்டமும் இல்ல. 12 ஜிபி கார்டை 16 ஆக்க முடியுமா? அதை வித்துட்டு வேற வாங்கணும், ஒரு வருஷத்துல இன்னொண்ணு வந்துடும், கைல இருக்கறது பாதி விலைக்கு போகும்.

மெயின்த்ரெட் மாணிக்கம்:
இது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். ஆனா "அப்புறம் மாத்திக்கலாம்"னு வாங்கினவன் எத்தன பேர் மாத்தினான் அண்ணே? நானே அந்த 5600எக்ஸை மாத்த ரெண்டு வருஷம் ஆச்சு, நடுவுல கல்யாணம் வேற.

யாழ்_வானம்:
எதை எடுத்தாலும் தம்பி ரேமைப் பார்த்து எடுங்கோ. எனக்கு முதல் மிசின் கட்டித் தந்த கடையில ரெண்டு துண்டு எண்டு பில் போட்டுட்டு ஒரே ஒரு துண்டைத்தான் போட்டு விட்டவங்கள், நாலு மாசம் கழிச்சு மூடியைத் திறந்து பார்க்கத்தான் தெரிஞ்சது. ஒற்றைத் துண்டு எண்டா ரேம் பாதை பாதியாகும், சிம்முக்கு அது நல்லா உறைக்கும். பயாஸுக்க போய் எக்ஸ்போவை (ரேமைச் சொன்ன வேகத்தில ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணவும் மறக்காதேங்கோ, இல்லாட்டி 6000 எண்டு வாங்கின ரேம் 4800லதான் ஓடும். யுபிஎஸ் எடுத்தா சைன் வேவ் எடுங்கோ, மலிவானதுக்கும் இப்பத்தைய பவர் சப்ளைக்கும் சில நேரம் ஒத்துவராது, கரண்ட் போற நேரம் மிசினும் சேர்ந்து நிக்கும்.

பீளமேடு_பைலட்:
(மூணு வாரம் கழிச்சு)
வாங்கிட்டேன். ரெண்டாவது கொட்டேஷன், 7600 கூட 5070 டிஐ. மாணிக்கம் அண்ணன் மன்னிக்கணும், ஆனா உங்களுக்கும் சந்தோஷமான விஷயம் இருக்கு.

முதல்ல செஸ்னா. பீளமேடு ஏர்போர்ட் ரன்வே 23ல ஏறி இடது பக்கம் திரும்பினேன், ஆனைமலை பக்கம் போக போக கீழ பாத்தா ஆழம் தெரியுது, நிஜமாவே வயித்துல ஏதோ பண்ணிச்சு, சேரை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டேன், யோக்கை (விமான ஸ்டீரிங்கை) விட்டுட்டேன், மூக்கு கீழ போயிடுச்சு. 36ல பூட்டி வச்சது அசையவே இல்ல. பெட்டில தடுக்கறது ஜிபியூன்னு (கார்டு தான்) காட்டுச்சு, ராசு அண்ணன் சொன்னது சரி.

அப்புறம் ஏர்பஸ்ல சென்னை. செகண்டரி ரன்வே அடையாறு ஆத்து மேல பாலமா போகும்ல, அதை காக்பிட்ல இருந்து எட்டி பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பாத்தேன், ஆனா திக்கி திக்கி. பெட்டில மெயின் த்ரெட்னு சிவப்புல வந்துட்டே இருந்துச்சு. மும்பைய கேக்கவே வேணாம்.

மெயின்த்ரெட் மாணிக்கம்:
😌

ரன்வே ராசு:
எல்ஓடி எவ்ளோ வச்சிருக்க? 200ல விட்டுட்டு சிபியூவ திட்டாத.

பீளமேடு_பைலட்:
100ல தாண்ணே. ட்ராஃபிக்கும் ஆஃப்.

யாழ்_வானம்:
தம்பி, டாஸ்க் மேனேஜரில மெமரி எண்டதை அமத்தி வேகம் எவ்வளவு எண்டு பாருங்கோ.

பீளமேடு_பைலட்:
4800.

ரீஸ்டார்ட் பண்றேன், இருங்க.