கொடைக்கானலில் காட்டுமாட்டை எதிரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மூடுபனி:

வட்டக்கானலில் இருந்து டவுனுக்கு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் என் மச்சானும். பாம்பார் பக்கம் ஒரு வளைவு. முழுசாக இருட்டவில்லை, பனி மட்டும் இறங்கிவிட்டது. முதலில் தெரிந்தது நாலு கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளை, அதற்கு மேலே இருந்த உடம்பு இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டது. கண் பழகிய பிறகுதான் முதுகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றே புரிந்தது. என் தலைக்குச் சமம்.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் மாட்டை வர்ணிக்கப் போவதில்லை. நான் கேட்க வந்தது வேறு. அது ஓடவில்லை, எங்களை நோக்கி வரவும் இல்லை. மெதுவாகத் திரும்பித் தன் பக்கவாட்டு முழுவதையும் எங்களுக்குக் காட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அப்படியே நின்றது. எங்களை நேராகப் பார்க்கக்கூட இல்லை. ஒரு மூச்சு விட்டது பாருங்கள், அந்தச் சத்தம் காதில் விழுந்ததா நெஞ்சில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சானுடைய போன் அடித்தது. அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டு அமுக்குகிறான், அது நிற்க மாட்டேன் என்கிறது. மாடு இரண்டு எட்டு வைத்து, ஒரு வாய் புல்லைக் கடித்துவிட்டு, சரிவில் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது.

ஏன் திரும்பி நின்றது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிச்சாலை:

என்னுடையது காலையில், ஏரியைச் சுற்றும் ரோட்டில். என் பெண் குதிரையில், நான் பக்கத்தில் நடை, குதிரைக்காரத் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குதிரை திடீரென்று நின்றுவிட்டது. தட்டினான், நாக்கைச் சொடுக்கினான், அசையவில்லை. காது இரண்டும் முன்னால் விறைத்து நிற்கிறது. தம்பி சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மாடு நிக்குது சார், பாப்பாவ இறக்குங்க" என்றான். நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பெண்ணை இறக்கி, வந்த வழியே கொஞ்சம் பின்னால் வந்த பிறகுதான் ஒரு பங்களா மதில் ஓரமாகத் தாயும் கன்றும் ரோட்டைக் கடந்தன. எங்கள் மூன்று பேருக்கும் தெரியாதது அந்தக் குதிரைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அதன் பிறகு எந்த மலையூருக்குப் போனாலும் நான் குதிரையின் காதைத்தான் பார்க்கிறேன்.

பெருமாள்மலை:

மூடுபனி நண்பரே, முட்ட வரவில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அது பக்கவாட்டில் திரும்பி நின்றதே மிரட்டல்தான். கொம்பன், அதாவது ஆண் காட்டுமாடு, தன் உடம்பு எவ்வளவு பெரிசு, முதுகுத் திமில் எவ்வளவு உயரம் என்று காட்டும், போய்விடு என்று அர்த்தம். இன்னொரு கொம்பனிடமும் அதைத்தான் செய்யும், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். நன்றாக வளர்ந்த ஆண் ஒரு டன் எடையைத் தொடும். உங்கள் மச்சானின் போன் ராகம் அதற்குப் பிடித்துப்போனது உங்கள் அதிர்ஷ்டம்.

என் அனுபவம் ஒன்றுமில்லை, வீட்டுப் பின்னால் பீன்ஸ் போட்டிருந்தேன், ராத்திரி வந்து வேலியைத் தாண்டி மேய்ந்துவிட்டுப் போய்விட்டது, ஒரு கம்பிகூட அறுபடவில்லை. அவ்வளவுதான்.

வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஓடாதீர்கள், அதுவும் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். மெதுவாகப் பின்னால் நகர்ந்து, ஒரு மரமோ மதிலோ காரோ நடுவில் வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். அது போகிற வழியை அடைக்காதீர்கள், முக்கால்வாசிப் பேர் அடிபடுவது அப்படித்தான். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் நின்று படம் எடுத்தால் அது எந்தப் பக்கம் போகும்? பிளாஷ் அடிக்காதீர்கள். காரில் இருந்தால் ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை அணைத்து ஏற்றி விளையாடவும் வேண்டாம், இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நாய் கூட இருந்தால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை, நாய் குலைத்துவிட்டு உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். கூட்டமாக மேய்ந்தால் கன்று எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தனியாக நிற்கிற கிழட்டுக் கொம்பன்தான் எல்லாவற்றையும் விட மோசம்.

இன்னொன்று. மாடு ஊருக்குள் வந்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். இந்த மலை உச்சியெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளி, பள்ளத்தில் மட்டும் சோலை. அந்தப் புல் மேல் வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்டது மனிதன்தான். நீங்கள் எல்லாம் சாய்ந்து நின்று படம் எடுக்கிறீர்களே பைன் காடு, அதற்குள் போய்க் கீழே பாருங்கள், ஊசி இலையைத் தவிர ஒரு புல் இருக்காது. மாட்டுக்குப் புல் மிச்சம் இருப்பது பங்களா தோட்டத்திலும் கோல்ப் மைதானத்திலும்தான். 2013-ல் சரணாலயம் அறிவித்தார்கள், அந்த எல்லைக் கோடு மாட்டுக்குத் தெரியுமா? போதாக்குறைக்கு ஹோட்டல் கழிவு, சோளத்தட்டை எல்லாம் ரோட்டோரம்.

சோளக்கதிர்:

பெருமாள்மலை அண்ணே, எல்லாம் சரி, மரமோ மதிலோ நடுவில் வருகிற மாதிரி நில்லுங்கள் என்கிறீர்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், அதில் மரத்துக்கு எங்கே போவது? மூடுபனி நின்றது அந்த மாதிரி ரோட்டில்தான். சும்மா அசையாமல் நின்றதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

நான் மாட்டைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஊரில் பார்த்த ஒன்று இன்னும் வீட்டில் சண்டையாக ஓடுகிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கோக்கர்ஸ் வாக், சாயங்காலம், எங்களுக்குப் பின்னால் வெயில், முன்னால் பள்ளம் முழுக்கப் பனி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கீழே பனி மேல் எங்கள் நிழல் விழுகிறது. நீள நீளமாக. என் நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். "என் தலையைச் சுத்தி வளையம் பாரு" என்று நான் சொல்கிறேன், என் தங்கை அதே நேரம், "இல்ல, என் தலையைச் சுத்தித்தான் இருக்கு, உன்னோடதுல ஒண்ணுமில்ல" என்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவள் போனை மேலே தூக்கி ஒரு படம் எடுத்தாள், அதற்குள் பனி கலைந்துவிட்டது. படத்தில் பார்த்தால் வளையம் அவள் தலையிலும் இல்லை, என் தலையிலும் இல்லை, போனைப் பிடித்திருந்த கையைச் சுற்றி இருக்கிறது! வருஷமாகிவிட்டது, இன்னும் யாருக்கும் தீர்ப்பு கிடைக்கவில்லை.

ஏரிச்சாலை:

தீர்ப்பு நான் சொல்கிறேன். இதற்குப் பிராக்கன் நிழல் என்று பெயர், கோக்கர்ஸ் வாக்கில் இது தெரியும் என்று ரொம்ப நாளாகவே சொல்வார்கள். பனித்துளியில் பட்ட வெளிச்சம் வந்த திசையிலேயே திரும்பி வருகிறது. உங்கள் கண்ணுக்குத் திரும்புவது உங்கள் தலை நிழலைச் சுற்றி, அவள் கண்ணுக்கு அவள் தலை நிழலைச் சுற்றி. படத்தில் பார்ப்பது கேமராவின் கண், அதனால் வளையம் கேமராவுக்கு. தங்கையிடம் மன்னிப்பு கேட்க வேண்டாம், அவளும் கேட்க வேண்டாம்.

கும்பக்கரை நடையன்:

தலைப்புக்கு வருகிறேன். வட்டக்கானல், டால்பின் நோஸ் தாண்டி வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிற பாதை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைக் கழற்றும், அட்டைக் கடி தனி. வெள்ளகவிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையின் நடுவில் காட்டுமாடு. தனியாக நின்ற கொம்பன். ஒற்றையடிப் பாதையில் ஒதுங்குவது என்றால் மரத்தின் மேல்தான் ஒதுங்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஊர்க்காரப் பாட்டி ஒருத்தி, தலையில் சுமை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவர் சுமையை இறக்கி வைத்தார், ஒரு கல்லில் உட்கார்ந்தார், சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார். "பாட்டி, மாடு" என்றேன். "ம், தெரியுது. அது போறப்ப நாம போவோம், உக்காரு" என்றார்.

உட்கார்ந்தோம். வேறு என்ன செய்ய. என் கண் கொம்பிலேயே இருக்கிறது, அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மருமகள் பற்றி ஏதோ சொன்னார், நான் கேட்கிற நிலையில் இல்லை. அவர் எழுந்து சுமையைத் தூக்கியபோதுதான் நான் மறுபடி பாதையைப் பார்த்தேன், மாடு இல்லை. அது எப்போது போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. கண்ணை எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

மூடுபனி:

அருமை. பெருமாள்மலை அண்ணே, இப்போது சொல்லுங்கள், பின்னால் நகர வேண்டுமா, உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டுமா?

பெருமாள்மலை:

அந்தப் பாட்டி பிறந்ததே அந்தப் பாதையில். அவரைப் பார்த்து டூரிஸ்ட் கூட்டம் மாட்டு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தால் நான்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். வெள்ளகவி போகிறவர்கள் உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள், ஊருக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அது அங்கே வழக்கம். மழைக்காலத்தில் அந்த இறக்கமே வேண்டாம்.

புதுசு:

அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறோம். இதையெல்லாம் படித்த பிறகு வீட்டுக்காரர் ஊருக்குள் இருக்கிற ஏரியே வேண்டாம், பேரிஜம் ஏரிக்குப் போய்விடலாம், அங்கே கூட்டம் இருக்காது என்கிறார். அங்கேயும் மாடு வருமா?

பெருமாள்மலை:

அம்மா, பேரிஜம் முழுக்கக் காடு. வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக முடியும், உள்ளே யானை நடமாட்டம் இருந்தால் அவர்களே விடமாட்டார்கள். ஊருக்குள் வரவே இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து, அதையும் மறந்துவிடாதீர்கள். மாட்டுக்குப் பயந்து யானை இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்கிற உங்கள் வீட்டுக்காரரை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.