அப்பா பாதியில் விட்டுச் சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் சீரமைப்பை எப்படித் தொடர்வது?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, ஓடாமல் கிடந்த நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் த்ரீ வண்டி ஒன்றை, 1969 ஆம் ஆண்டுப் பதிவுள்ளது, விலைக்கு வாங்கி வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் வைத்துத் தாமே பிரித்துச் சீரமைத்து வந்தார். சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். வண்டி அவர் விட்ட நிலையிலேயே இருக்கிறது.

பாடியைத் தூக்கித் தனியே மரக்கட்டைகளின் மேல் வைத்திருக்கிறார். பாடியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன் பின் சஸ்பென்ஷனை மாட்டியிருக்கிறார். எஞ்சின், சிலிண்டர்களை மூடும் மேல்பாகமான ஹெட் கழற்றிய நிலையில் ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் உள்ளன. ஒவ்வொன்றிலும் "இடது முன் கதவு, மேல் கீல்", "ரேடியேட்டர் தாங்கி, வாஷர் உள்பக்கம்" என்று அவர் கையெழுத்தில் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. வேலை விவரங்களை எழுதிய ஒரு நோட்டும் உண்டு.

நான் பள்ளி ஆசிரியை. சிறுவயதிலிருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பழக்கம் உண்டே தவிர, நானாக எஞ்சினைத் தொட்டதில்லை. தம்பி, கிடைத்த விலைக்குப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி எஞ்சின் வைத்தால் சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அப்பா செய்த வேலையைக் கலைக்காமல் இதை முடிக்க முடியுமா, எங்கிருந்து தொடங்க வேண்டும், ஆவணங்கள் அவர் பெயரில் இருப்பதால் என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

மறுமொழி (கோவை, பழைய கார்கள் சீரமைக்கும் பட்டறை நடத்துபவர்)

அம்மா, உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். வண்டியை முடிக்க முடியும். பாதியில் நின்ற வண்டிகள் பலவும் எங்கள் பட்டறைக்குச் சாக்குமூட்டையில் அள்ளிய உதிரிகளாகத்தான் வருகின்றன. சீட்டு ஒட்டி, நோட்டில் எழுதி வைத்த வண்டி அபூர்வம். அந்தச் சீட்டுகள் ஒட்டியபடியே இருக்கும்போது ஒவ்வொரு டப்பாவையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கொட்டகையின் ஈரத்தில் பசை விட்டுப் போனால் அந்தத் தகவல் மீண்டும் கிடைக்காது.

அடுத்ததாகச் சொல்வது உங்களுக்குச் சற்று வருத்தமாக இருக்கலாம். அவர் மாட்டிய எதையும் முழுதாக முடிந்த வேலை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இது அவருடைய திறமையைச் சந்தேகிப்பது ஆகாது. நல்ல ஃபிட்டர் முதலில் எல்லாவற்றையும் கைவிரலால் முடுக்கி, பொருத்தம் பார்த்து, கடைசியில்தான் டார்க் ரென்ச்சால், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால், இறுக்குவார். அந்தக் கடைசி வேலைக்கு முன்னால் அவர் நிறுத்தியிருந்தால், வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தெரியும் சஸ்பென்ஷனில் பாதி போல்ட்டுகள் தளர்வாக இருக்கும். இறுக்கி முடித்த போல்ட்டின் மீது ஒரு கோடு பெயிண்ட் இழுத்து வைக்கும் வழக்கம் பணிமனைக்காரர்களிடம் உண்டு. டார்ச் வைத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள். கோடு இருந்தால் அவர் எங்கே நிறுத்தினார் என்பது தெரிந்துவிடும். தெரிந்தாலும், வண்டி சாலைக்கு வருமுன் எல்லாவற்றையும் ஒருமுறை டார்க் ரென்ச்சால் சரிபார்க்கத்தான் வேண்டும்.

ஹெரால்டில் நான் முதலில் பார்க்கும் இடம் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனையில் இருக்கும் ட்ரன்னியன். நின்ற வாக்கில் இருக்கும் அந்த இரும்புத் தண்டு, வெண்கலத்தாலான அந்தப் பாகத்துக்குள் மரையால் முடுக்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழலும். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் பெட்டிக்குப் போடும் 90 எண் ஆயில். கிரீஸ் நிப்பிள் போன்ற வாய் இருப்பதால் நம் ஊரில் பழக்கத்தின் காரணமாகக் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் போகாமல் இறுகி நின்றுகொள்ளும், தண்ணீர் உள்ளே புகும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் ஓட்டத்திலேயே முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் கழற்றி, மரை தேய்ந்திருக்கிறதா, துருவால் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை ஓட்ட வேண்டாம். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசை என்பதால் கழற்றும்போது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, ஹெட் திறந்து கிடப்பதால் சிலிண்டர் சுவரில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். இன்றே சுத்தமான எஞ்சின் ஆயிலைச் சுவர்களில் தடவி, பழைய வேட்டித் துணியால் மூடுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்ற மறுத்தால் வலிந்து சுற்றக் கூடாது. டீசல் ஊற்றிச் சில நாட்கள் ஊற விட்டு, புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

மாருதி எஞ்சின் யோசனையை நான் ஏற்கவில்லை. உங்கள் வண்டியின் 948 சிசி எஞ்சின் எளிமையானது. போரிங், கிராங்க் கிரைண்டிங் இரண்டையும் எந்த நல்ல லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். சென்னை வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், இது 1959 இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்த வண்டி என்பதால் அங்கே இன்னும் உதிரிபாகங்கள் தயாராகின்றன. ஆனால் அங்கே 1961 இலேயே 1147 சிசி எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். இங்கே கடைசிவரை 948 தான். எனவே பிஸ்டன், ரிங் வாங்கும்போது எஞ்சின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்திலும் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும் செய்யப்பட்டது. பின்கதவு, அதன் கண்ணாடி, கீல், ரப்பர் பட்டி ஆகியவை தொலைந்தால் இன்னொரு பழைய வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவற்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள். பழைய இரும்புக்கடைக்கு ஒரு தகடுகூடப் போக வேண்டாம்.

பாடியைச் சேஸியின் மேல் மீண்டும் உட்கார வைக்கும்போது இடையில் வைக்கும் பட்டைகளின் கனத்தைப் பொறுத்துத்தான் கதவுகளின் இடைவெளி அமையும். பழைய பட்டைகள் எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று அப்பாவின் நோட்டில் எழுதியிருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். பாடியை உட்கார வைத்து, நான்கு கதவுகளையும் முன்பக்கமாகத் திறக்கும் பானெட்டையும் மாட்டி, இடைவெளி சரியான பிறகே பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அவசரத்தில் முதலில் பெயிண்ட் அடித்துவிட்டுக் கதவு மூடாமல் மீண்டும் டிங்கர் வேலைக்குப் போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பா வாங்கி வைத்த புதிய பொருட்களில் ரப்பராக உள்ளவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட் ஆகியவை பிரிக்காத உறையில் இருந்தாலும் வருடக்கணக்கில் இருந்தவை நம்பத்தக்கவை அல்ல. பெட்ரோல் ஹோஸும் பம்ப்பின் டயாஃப்ரமும் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அவர் கையால் வாங்கியது என்று மனம் விடாவிட்டால் பெட்டியில் எடுத்து வையுங்கள். வண்டியில் புதியதைப் போடுங்கள்.

மறுமொழி (சென்னை, மோட்டார் வாகன ஆவணப் பணிகளில் பழக்கமுள்ளவர்)

ஆவணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இன் 56 ஆம் விதிப்படி, உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தந்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்கான தொகையைக் கட்ட நேரிடும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், அசல் ஆர்.சி. புத்தகம், அம்மாவும் தம்பியும் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். தம்பியின் ஒப்புதல் இல்லாமல் செலவைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. வண்டி முடிந்து மதிப்பு ஏறிய பிறகு இந்தப் பேச்சு கடினமாகிவிடும்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வண்டியையும் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று ஆர்.சி.யில் பாருங்கள்.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021 இல் தனி விதிகள் வந்தன. முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை; மாருதி எஞ்சின் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் எடுக்கலாம். அம்மாவை வாரந்தோறும் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் எண்ணமிருந்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே உங்களுக்கு ஏற்றது.

இன்னொன்று: சேஸிக்குப் பெயிண்ட் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சேஸி எண் பெயிண்ட்டுக்கு அடியில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வையுங்கள். வெல்டிங் செய்பவர் அந்த இடத்தில் கிரைண்டர் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

சகோதரி, மற்றவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். என் அண்ணன் பாதியில் விட்டுப் போன ஒரு ஜீப்பை நான் முடிக்கவில்லை. அதே வகை வண்டி வைத்திருந்த ஒருவருக்கு, உதிரிகளும் குறிப்புகளுமாக அப்படியே கொடுத்துவிட்டேன். அது இப்போது ஓடுகிறது; அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன், மனநிறைவாகத்தான் இருக்கிறது. இரும்புக்குப் போடுவதற்கும் நீங்களே முடிப்பதற்கும் இடையில் இப்படியும் ஒரு வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் கவனித்துக்கொண்டு, கடன் வாங்கி இதைச் செய்வதாக இருந்தால் வேண்டாம். கடன் வாங்காமல் செய்ய முடியும், கையில் கிரீஸ் படுவதில் விருப்பமும் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. ஹெரால்டு வைத்திருப்பவர்களை அவர்கள் மூலம் விசாரிக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று டார்ச் வைத்துப் பார்த்தேன். முன் இடப்பக்கத்தில் ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைக்கோடு இருக்கிறது. வலப்பக்கத்தில் மேல் இரண்டில் மட்டும் இருக்கிறது, மற்றவை கையாலேயே சுழல்கின்றன. பின்னால் எதிலும் கோடு இல்லை. நோட்டில் பட்டைகளின் கணக்கு முழுவதும் படத்துடன் உள்ளது. சிலிண்டருக்கு ஆயில் தடவி மூடிவிட்டேன்.

தம்பியிடம் பேசினேன். கடன் வாங்குவதில்லை, ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவு என்று முடிவு செய்துகொண்டால் கையொப்பமிடுவதாகச் சொன்னான். அது எனக்கும் நியாயமாகவே படுகிறது. பெயர் மாற்ற வேலையை முதலில் தொடங்குகிறேன். வண்டியை அம்மாவுடன் ஓட்டத்தான் ஆசை, ஆகவே சாதாரணப் பதிவு. ஒரு சந்தேகம்: கோடு போட்ட இடப்பக்கத்தையும் கழற்றித்தான் ஆக வேண்டுமா? அவர் முடித்து வைத்த ஒரே பகுதி அதுதான்.

மறுமொழி (கோவை)

உங்கள் மனம் புரிகிறது அம்மா. முழுவதும் கழற்ற வேண்டாம். முதலில் நோட்டில் ட்ரன்னியனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்: தண்டைப் புதிதாக வாங்கினாரா, பழையதையே போட்டாரா, ஆயில் ஊற்றினாரா என்பது தெரிய வேண்டும். புதியது போட்டதாக எழுதியிருந்தால், ஆயில் கன்னால் 90 எண் ஆயிலை, மேல் விளிம்பில் கசியும் வரை செலுத்திப் பாருங்கள். சுத்தமான ஆயில் வெளிவந்து, சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது பிடிப்பு இல்லாமல் இருந்தால், டார்க் மட்டும் சரிபார்த்துவிட்டு விடலாம். பழுப்பு நிறத்தில் துருநீர் வந்தாலோ, கிரீஸ் வந்தாலோ, நோட்டில் எதுவும் இல்லாவிட்டாலோ கழற்றித்தான் ஆக வேண்டும். அம்மாவை உட்கார வைத்து ஓட்டப் போகும் வண்டி அது.

வலப்பக்கத்தை நீங்களே இறுக்குங்கள். அரை அங்குல டார்க் ரென்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்குமான அளவு ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை மட்டும் இப்போது முழுதாக இறுக்க வேண்டாம். பாடியும் எஞ்சினும் ஏறி, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு இறுக்கினால்தான் புஷ் முறுக்கிக்கொள்ளாது. பின்பக்கத்தில் அவர் கோடு போடாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பின்னால், எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் மேல் குறுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டையை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். அதற்குத் தெரிந்த ஆள் உடனிருக்க வேண்டும். அந்த நிலைக்கு வரும்போது எழுதுங்கள்.