குழு: அம்மம்மா வீடு, வெள்ளவத்தை

சுகந்தி: வியாழன் காலை 9 மணிக்குக் கவினின் பயிற்சி பற்றிய கூட்டம். அடுத்த வருடம் அவனுக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள் என்று முடிவெடுப்பார்கள். இந்த முறை அவனையும் கூட்டிப் போகிறேன். நுகேகொடை வரை யாராவது வாகனம் தர முடியுமா?

ராணி பெரியம்மா: அவனை எதற்குப் பிள்ளை? பெரியாக்கள் பேசும் இடம்.

சிவா மாமா: வேன் கராஜில்.

தர்ஷன்: போன மாதமும் கராஜ்தானே மாமா 😄

சிவா மாமா: இது கியர் பொக்ஸ்.

ராணி பெரியம்மா: ஞாயிறு நானே கேட்டேன், பள்ளிக்கூடம் பிடிக்குமா பிடிக்காதா என்று. "பிடிக்காதா" என்றான்.

சுகந்தி: கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வான் பெரியம்மா. மாற்றிக் கேளுங்கள், "பிடிக்குமா" என்பான். அதனால்தான் படம் வைத்துக் கேட்கிறேன். ஒரு அட்டையில் மூன்று பக்கம்: பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது. பேச்சுப் பயிற்சி மிஸ், அறை, ஊஞ்சல், ஃபேன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். அவசரப்படுத்தவில்லை. மிஸ்ஸைப் பிடிக்கும் பக்கம் வைத்தான். அறையைப் பிடிக்காத பக்கம் வைத்து, ஃபேனை அதன் மேலேயே வைத்து விரலால் அழுத்தினான். போன கூட்டத்தில் மிஸ்ஸை மாற்றலாம் என்றார்கள். மாற்ற வேண்டியது அறையைத்தான்.

தர்ஷன்: அட.

மாலா அத்தை: அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு எத்தனை பற்றிஸ்? நாளைக்குள் ஓடர் கொடுக்க வேண்டும்.

சிவா மாமா: 100. மீன்.

ராணி பெரியம்மா: ரோல்ஸும் சொல்லு. போன முறை போதவில்லை.

நிரோஷன் (டொரோண்டோ): சுகந்தி, கூட்டத்தில் பிள்ளையை விடுவார்களா?

சுகந்தி: விட வேண்டும் அண்ணா. ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையே பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. இலங்கை 1991இல் ஏற்றது. 2016இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் சமவாயம் 7ஆம் உறுப்புரையில், கருத்தைச் சொல்ல வயதுக்கும் இயலாமைக்கும் ஏற்ற உதவியும் கொடுக்கச் சொல்கிறது. கவினுக்கு அந்த உதவி இந்த அட்டை. முழு நேரமும் இருக்க மாட்டான். முதல் பத்து நிமிடம், அட்டையைத் தானே மேசையில் வைப்பான். பிறகு தர்ஷன் வெளியே கூட்டிப் போகலாம். யார் யார் இருப்பார்கள் என்று போட்டோ காட்டிவிட்டேன். மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. படத்துக்கு இரண்டும் தேவையில்லை.

தர்ஷன்: 9க்கு முன்பே வருகிறேன் அக்கா. பிக்மீ டாக்ஸி போடுவோமா?

ராணி பெரியம்மா: வளர்ந்தால் சரியாகும் என்று நான் அன்று சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய்.

சுகந்தி: 🚫 இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

மாலா அத்தை: அக்கா, இப்போது அது எதற்கு.

சிவா மாமா: வேன் புதன் கிடைக்கும் என்கிறான். பார்ப்போம்.

ராணி பெரியம்மா: சரி. 80க்கு எடுத்த மண்டபத்தின் போட்டோ என்னிடம் இருக்கிறது. அனுப்பட்டுமா? கவினிடம் காட்டு.

சுகந்தி: அனுப்புங்கள் பெரியம்மா. ஸ்பீக்கர், மேளம் படங்களும் வேண்டும்.

சிவா மாமா: மேளம் வேண்டாம் என்று வைத்தால்? அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

சுகந்தி: கேட்டால் ஏதாவது மாற்றத்தான் வேண்டும் மாமா. இல்லாவிட்டால் அடுத்த முறை அட்டையைத் தொடவே மாட்டான். மேளத்தை வாசலில் வைக்கலாமே.

சிவா மாமா: மேளகாரரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மாலா அத்தை: அப்போ பற்றிஸ் 100ஆ 150ஆ?