அப்ரைசல் கோபம்: ரேட்டிங்கினாலா, நம் நினைப்பினாலா?

டிக்கெட்மூடி:
இந்த வருடமும் அப்ரைசலில் மூன்றாம் ரேட்டிங்தான் (ஒன்றுதான் உயர்ந்தது). சம்பளம் ஓரளவு ஏறியிருக்கிறது, அதில் குறை இல்லை. ஏன் மூன்று என்று கேட்டதற்கு மேனேஜர் லேப்டாப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் "பெல் கர்வில் இடம் இல்லப்பா" என்றார். அதாவது, டீமில் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கு. நடுராத்திரி புரொடக்‌ஷன் (பயனர்கள் உபயோகிக்கும் சிஸ்டம்) படுத்தபோதெல்லாம் போனை எடுத்தவன் நான். இப்போது வேலையே கசக்கிறது.

முன்னாள்_ஹெச்ஆர்:
தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்குத்தானே மார்க் போடும் படிவங்களை வருடக்கணக்கில் பார்த்தவன் நான், டீமில் பாதிக்கு மேல் "நான்தான் டாப்" என்று எழுதியிருப்பார்கள். அத்தனை பேருக்கும் எங்கே போய் இடம் தேடுவது? தன்மதிப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, நடப்பது தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம், அலைபாயாத மனம், இந்த நாலையும் சேர்த்து 1997-இல் திமோத்தி ஜட்ஜ் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இவை உள்ளவர்களுக்குப் பொதுவாகவே வேலைத் திருப்தி அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. ஆக, பாதி விஷயம் நமக்குள்ளேதான்.

வெயிலான்:
அண்ணே, இது ஹெச்ஆருக்கு ரொம்ப வசதியான பாதி! 1990-இல் ஜெரால்ட் கிரீன்பெர்க் வெளியிட்ட ஆய்வு தெரியுமா? அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பள வெட்டு. ஒன்றில் காரணத்தை விரிவாகச் சொல்லி வருத்தமும் தெரிவித்தார்கள், இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவதில் ஊழியர்களின் திருட்டு எகிறியது, முதலாவதில் அவ்வளவு இல்லை. வெட்டு ஒன்றுதான், நடத்திய விதம்தான் வேறு. அந்த ஒரு ஆலை ஆட்களுக்கு மட்டும் தலைக்கனம் என்பீர்களா?

முன்னாள்_ஹெச்ஆர்:
சரி, அப்படியானால் எல்லாவற்றையும் திறந்து வைத்தால் திருப்தி வந்துவிடுமா? கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்கள் சிலருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய இணையதளத்தைக் காட்டினார்கள் (2012-இல் வெளியான ஆய்வு). தங்கள் பிரிவில் நடுமட்டச் சம்பளத்துக்குக் கீழே வாங்கியவர்களின் திருப்தி குறைந்தது, மேலே வாங்கியவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. ஒப்பிடும் மனசுக்கு என்ன மருந்து?

வெயிலான்:
எண்ணை மட்டும் காட்டினால் அப்படித்தான் ஆகும். ஏன் கம்மி என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? அப்புறம், உங்கள் நாலு குணத்தில் ஒன்று "நடப்பது என் கையில்" என்பது. கர்வில் இடம் இல்லை என்று வருடா வருடம் கேட்பவனுக்கு அந்த எண்ணம் எப்படி மிஞ்சும்? நீங்களே உடைத்துவிட்டு, உடைந்திருக்கிறது என்கிறீர்கள். ஆட்களை இப்படிக் கட்டாயமாக வரிசைப்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டே 2013-இல் கைவிட்டுவிட்டது.

முன்னாள்_ஹெச்ஆர்:
கர்வுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் அதே கர்வில் அதே மூன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்களே.

டிக்கெட்மூடி:
அவர்களில் பலர் ரெஸ்யூமேயைத் தட்டி வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கிறார்கள், அண்ணே. நான் ரேட்டிங்கை மாற்றச் சொல்லப் போவதில்லை. ஒன்று வாங்கியவர் என்ன செய்தார், நான் எதைச் செய்யவில்லை என்று எழுத்தில் கேட்கப் போகிறேன்.

முன்னாள்_ஹெச்ஆர்:
எழுத்தில் தர மாட்டார்கள். ஆனாலும் மெயிலில் கேளுங்கள், மேனேஜரோடு ஹெச்ஆரையும் சேர்த்து அனுப்புங்கள்.