சாடியில் ரியூலிப் பூத்து முடிஞ்சுது, இனிக் கிழங்கை என்ன செய்யிறது?

வளவுக்காரன்:
கனடா, ஸ்காபரோ. பின்வளவில் 12 அங்குலப் பிளாஸ்ரிக் சாடி மூண்டு. ரெண்டில் சிவப்பு ரியூலிப், ஒண்டில் டஃபடில். இதழெல்லாம் கொட்டிப்போச்சு, இலை இன்னும் பச்சை. யூனில் அதே சாடிகளில் மிளகாய்க் கண்டு வைக்கவேணும். இலையை வெட்டிப்போட்டுக் கிழங்கைக் கிளப்பலாமோ? இல்லாட்டி இலையை மடிச்சு றப்பர் வளையம் போட்டுவிடலாமோ?

மண்வெட்டி:
ரெண்டும் வேண்டாம். வாற வருசப் பூவுக்கான சாப்பாட்டை இப்ப நிக்கிற இலைதான் கிழங்குக்கு அனுப்புது. மடிச்சுக் கட்டினால் வெயில் படாது.

கிள்ள வேண்டியது இதழ் கொட்டின இடத்தில் பச்சையாகத் திரளுற விதைக்காயை மட்டும். தண்டு நிக்கட்டும், அதுவும் பச்சைதானே. தக்காளிக்கு விடுற பொட்டாசியம் கூடின திரவப் பசளையைப் போத்தலில் போட்டிருக்கிற அளவுக்குக் கரைச்சு, 7–10 நாளைக்கு ஒருக்கா விடுங்கோ. இலை மஞ்சளாகத் தொடங்கினால் பசளையை நிப்பாட்டி, தண்ணியையும் குறையுங்கோ. எல்லாம் சேர்த்து ஆறு கிழமை மட்டில். மெல்ல இழுக்க இலை கையோடை வந்தால் கிளப்பலாம்.

மிளகாய்க்கு இடம் இப்பவே வேணுமெண்டால் மண்கட்டி உடையாமல் அப்பிடியே தூக்கி, அடியில் துளை போட்ட வாளிக்குள்ளை இறக்கி, வெயில் படுற மூலையில் விடுங்கோ.

குளிர்தேசம்:
டஃபடிலுக்கு இந்தப் பாடு படலாம். சாடி ரியூலிப்புக்கு வீண்வேலை. பூத்த தாய்க்கிழங்கு அதோடை முடிஞ்சுபோய், பிள்ளைக்கிழங்குகளாகப் பிரியும். கடையில் விக்கிற நல்ல கிழங்கின்ரை சுற்றளவு 12 செ.மீ. பிள்ளை 10-க்குக் கீழை எண்டால் வாற வசந்தத்தில் அகலமான ஒற்றை இலை மட்டும் வந்து நிக்கும், பூ இராது. டார்வின் ஹைப்ரிட் எண்ட ரியூலிப் வகை எண்டால் ஒருக்கா வைச்சுப் பார்க்கலாம்.

பனிக்கராஜ்:
வைச்சுப் பார்க்கிற ஆக்களுக்கு: கிளப்பினதைக் கழுவாதேங்கோ. நிழலில் உலரவிட்டு மண்ணை உதிருங்கோ. டஃபடில் சாறு தோலில் அரிக்கும், கையுறை போடுங்கோ. வேர் முளைக்கிற அடித்தட்டைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கோ. அமிழ்ந்தால் பூசணம் பிடிச்சிட்டுது, குப்பைக்குப் போடுங்கோ, கொம்போஸ்ற்றுக்கு வேண்டாம். நல்லதை வெங்காய வலைப்பையில், 20 பாகை செல்சியஸ் மட்டில், காத்துப்படத் தூக்கிவிடுங்கோ. பக்கத்தில் வாழைப்பழம், அப்பிள் வைக்கப்படாது. பழுக்கேக்கை வாற எதிலீன் வாயு கிழங்குக்குள்ளை இருக்கிற மொட்டையே கருக்கிப்போடும்.

ஒக்ரோபரில் கிழங்கு உயரத்தின்ரை மூண்டு மடங்கு ஆழத்தில் நடுங்கோ. 9 பாகைக்குக் கீழை 12–16 கிழமை குளிர் கட்டாயம். ஆனால் சாடியை வெளியிலை விடாதேங்கோ. நிலம் மேலாலை மட்டும் உறையும், சாடி நாலு பக்கத்தாலும் உறைஞ்சு இளகி உறைய, வேர் செத்துக் கிழங்கு கூழாகும். சூடு போடாத கராஜ் போதும். மாதம் ஒருக்கா விரல் விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தால் ஒரு கோப்பை தண்ணி. ரியூலிப்புக்கு மேலை கோழிக்கூட்டு வலை போடுங்கோ, அணில் விடாது. டஃபடில் நஞ்சு, அதை அணில் தொடாது.

வளவுக்காரன்:
நன்றி. 20 லீற்றர் வாளி கிடக்கு. எத்தினை துளை?

மண்வெட்டி:
அரை அங்குலத்தில் ஆறு. வாளியை ரெண்டு செங்கல்லுக்கு மேலை வையுங்கோ, நிலத்தோடை ஒட்டினால் துளை அடைபடும்.