உள்ளே தமிழ்ப் பெயர்கள் எழுதிய ஃபைலை பைத்தானில் திறந்தால் எரர், இப்போது ஃபைலே காலி. உதவுங்கள்

மளிகைப்பையன்:
அப்பாவின் கடைக்குப் பாக்கிக் கணக்கு வைக்க பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் தொகை, எல்லாம் தமிழில், ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். வீட்டு உபுண்டுவில் ஒரு மாதமாக ஒழுங்காக ஓடியது. நேற்று பென்டிரைவில் போட்டு கடையில் உள்ள விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோனால் யூனிகோட் டிகோட் எரர்: 'சார்மேப்' கோடெக்கால் 8டி பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 11 என்கிறது. முதல் வரி 'செல்வம் 340', அவ்வளவுதான், அதில் என்ன கோளாறு? சரி, ஃபைல் கெட்டுவிட்டது போல என்று நினைத்து 'டபிள்யூ' போட்டுத் திறந்து அதே பெயரை எழுதிப் பார்த்தேன். அதற்கும் எரர், இந்த முறை என்கோட். இப்போது ஃபைல் 0 பைட். 60 பேர் பாக்கி அதில் இருந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கட்டற்றவன்:
பென்டிரைவுக்கு நகல் எடுத்தீர்களா, நகர்த்தினீர்களா? நகல் என்றால் வீட்டில் பத்திரமாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 'டபிள்யூ' என்றால் இருப்பதைத் துடைத்துவிட்டு எழுது என்று அர்த்தம். ஓப்பன் வரி ஓடியதுமே துடைத்துவிடும், அப்புறம் ரைட் தோற்றாலும் போனது போனதுதான். கடைசியில் வரி சேர்க்க மட்டும் என்றால் 'ஏ' போதும்.

புள்ளிமான்:
எரருக்குக் காரணம் செல்வத்தின் புள்ளி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் உபுண்டு ஃபைலை யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறையில், எழுதியிருக்கிறது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ச, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ஆக 12 பைட். 0-இலிருந்து எண்ணினால் 11-ஆம் இடத்தில் இருப்பது புள்ளியின் கடைசி பைட், அதுதான் 8டி. என்கோடிங் சொல்லாமல் திறந்தால் 3.15-க்கு முந்தைய பைத்தான் விண்டோஸின் பழைய கோட்பேஜை, அதாவது எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். உங்களிடம் அநேகமாக 1252, அதில் 8டி-க்கு எழுத்தே இல்லை, உகரக் குறியில் வரும் 81-க்கும் இல்லை. 'மீனா 250' மட்டும் வைத்துப் பாருங்கள், எரர் வராது, பெயருக்குப் பதில் ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் வரும். படிக்கும் ஓப்பன், எழுதும் ஓப்பன் இரண்டிலும் என்கோடிங்='யூடிஎஃப்-8' கொடுங்கள். எரர்ஸ்='இக்னோர்' போடச் சொல்லி யாராவது வந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள், படிக்க முடியாத பைட்டுகளைச் சொல்லாமல் விட்டுவிடும்.

அரைகுறை:
படிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறக்கும் 'ஆர்+' போட்டால் துடைக்காதே, அது போதாதா?

கட்டற்றவன்:
துடைக்காது, ஆனால் சீக்(0) செய்து தொடக்கத்துக்குப் போய் பட்டியலைத் திரும்ப எழுதும்போது புதியது சின்னதாக இருந்தால் பழையதன் வால் கீழே மிஞ்சி நிற்கும். பாக்கியைக் கட்டிவிட்டுப் போனவரிடம் மறுபடி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். அந்த வாலை வெட்டும் டிரங்கேட்டை அழைத்தால் சரியாகும், இருந்தாலும் பணக் கணக்கு என்பதால் நான் வேறு பெயரில் எழுதி, வித் பகுதி முடிந்து ஃபைல் மூடியதும் ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பழையதன் இடத்தில் வைப்பேன். எழுதும்போது நிரல் நடுவில் நின்றாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். ஓஎஸ்.ரீநேம் வேண்டாம், விண்டோஸில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் அது மறுத்துவிடும்.

மளிகைப்பையன்:
நகல்தான் எடுத்திருந்தேன், வீட்டில் 60 வரியும் இருக்கிறது, உயிர் வந்தது! என்கோடிங் சேர்த்ததும் கடையிலும் ஓடுகிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. தொகையைத் திருத்த கடைக் கணினியின் பழைய நோட்பேடில் திறந்து சேமித்தேன், அதிலிருந்து செல்வத்தைத் தேடினால் மட்டும் கிடைப்பதில்லை, மற்ற 59 பேரும் கிடைக்கிறார்கள்.

புள்ளிமான்:
முதல் வரிக்காரர் அல்லவா, பாவம். பழைய நோட்பேட் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டை ஒட்டிவிடும், பிஓஎம் என்பார்கள். படிக்கும்போது மட்டும் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள், இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் படிக்கும், இல்லாவிட்டாலும் தொந்தரவில்லை.

மளிகைப்பையன்:
கிடைத்துவிட்டார், 340 ரூபாயோடு.