மறு: கிராஸ்டாக் – 'மறுசெவிக் கசிவு' சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டீரியோவில் ஒரு பக்க ஸ்பீக்கரின் ஒலி மறுபக்கக் காதுக்கும் போய்விடுவதை ஆங்கிலத்தில் கிராஸ்டாக் என்கிறார்கள். அதற்கு நான் சொன்ன 'மறுசெவிக் கசிவு' என்ற பெயரைப் பற்றி ஐயா எழுதிய மடலுக்குப் பதில், கொஞ்சம் நீளமாக.

> குறுக்குப் பேச்சு என்ற சொல் தொலைபேசிக்கு ஏற்கெனவே இருக்கிறதே, தம்பி. ஒலிக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, தொலைபேசியில் வேறொருவர் பேச்சு நம் கம்பிக்குள் நுழைந்தது. அங்கே அது பொருந்தும். இங்கே பேச்சும் இல்லை, கம்பியும் இல்லை. இடது ஸ்பீக்கரின் ஒலி இடக் காதில் விழுந்து, சுமார் கால் மில்லி விநாடி கழித்துத் தலையைச் சுற்றி வலக் காதுக்கும் வந்துவிடுகிறது. வலது ஸ்பீக்கரும் அப்படியே. உடனே மூளை ஸ்பீக்கர் பெட்டி இருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறது. பதிவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் இசை இரண்டு பெட்டிக்கு நடுவிலேயே அடைபட்டுவிடுகிறது. நோய் காதுகளில்; பெயரிலும் காது இருக்கட்டும் என்பதே என் எண்ணம்.

போன மாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்து பார்த்தேன். ஸ்பீக்கர்களை அருகருகே நகர்த்தி, ஒரு பக்க ஒலி மறுபக்கக் காதுக்குப் போகாதபடி நடுவில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பு மூக்கைத் தொடுமளவு ஒட்டி உட்கார்ந்தேன். ஓடியது ஒரு கோயில் புறப்பாட்டு நாகஸ்வரப் பதிவு, சாதாரண ஸ்டீரியோ. அதுவரை பெட்டிக்குள்ளேயே இருந்த இடப்பக்கத் தவில், பெட்டியை விட்டு வெளியேறிக் கொல்லைக் கதவோரம் போய் உட்கார்ந்தது. நாகஸ்வரம் சுவருக்கு அப்பால், நாலடி தள்ளி. மெத்தையை எடுத்தேன், எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. (மோனோப் பதிவில் இது நடக்காது. இரண்டு தடமும் ஒன்றென்றால் பிரித்துக் கொடுக்க எதுவுமில்லை.)

> கசிவு என்றால் சொட்டுச் சொட்டாக அல்லவா? தவிலின் தொப்பி (இடப்பக்கத் தோல்) ஒலி இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தானே கேட்கிறது? மறுசெவிப் பாய்ச்சல் என்றே சொல்லலாமே.

நல்ல கேள்வி. தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூர்மையான ஒலியைத் தலை மறைக்கும். தொப்பியின் தாழ்ந்த ஒலி வளைந்து அப்படியே வந்துவிடும். அளவைப் பார்த்தால் 'கசிவு' என்ற சொல் போதாதுதான். ஆனால் பாய்ச்சல் என்பது நாமாக மடையைத் திறந்து விடுவது. நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீரை, அது எவ்வளவு போனாலும், நம் ஊரில் யாரும் பாய்ச்சல் என்று சொல்வதில்லை. போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்பதே இங்கே முக்கியம். அதனால் கசிவையே பிடித்துக்கொள்கிறேன்.

> 'மறு' என்பது மீண்டும் என்று படுமோ?

மறுபிறப்பில் அப்படித்தான். ஆனால் கொள்ளிடத்துக்கு மறுகரை என்றால் அக்கரை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செவிக்கும் அதுவே பொருந்தும்.

இனி இந்தக் கசிவை நீக்கும் முறைக்குப் பெயர் வேண்டும். 1960களில் பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடரும் நம் நாட்டில் பிறந்த பிஷ்ணு அடலும் மெத்தை இல்லாமல் மின்சுற்றாலேயே இதைச் செய்ய வழி சொன்னார்கள். இடது ஒலியைத் தலைகீழாக்கி, சற்றுத் தாமதித்து, அளவு குறைத்து வலது ஸ்பீக்கரில் விடுவது. வலக் காதில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தத் திருத்த ஒலியும் இடக் காதுக்குக் கசியும், அதற்கும் ஒரு திருத்தம், அதற்கும் ஒன்று என்று தேயும்வரை போகும். இதற்கு 'எதிரொலி' என்ற பெயர் வாய்க்கு வந்தாலும் வைக்க முடியாது. மலையில் கேட்பதற்கு அது என்றோ போய்விட்டது. 'அடைப்பு' மெத்தைக்குப் பொருந்தும், மின்சுற்றுக்குப் பொருந்தாது. 'கசிவு நீக்கம்' இரண்டுக்கும் ஒத்துவருகிறது. மென்பொருளானால் 'கசிவுநீக்கி'.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை. அந்தத் 'திருத்த ஒலி'க்கு ஒரே சொல்லாக ஏதாவது அகப்படுமா, ஐயா? 'மாற்றொலி' என்று எழுதிப் பார்த்தேன். இலக்கணக்காரர்கள் அதை வேறு பொருளில் வைத்திருக்கிறார்கள்.